வெந்துபோன ஆவாரம் விதை

ஆவாரஞ்செடியை நம் பக்கத்தில் யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. அது தானாக வளரும். தென்காசியிலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் ரோட்டோரத்தில், கல்லுக்கு நடுவில், தண்ணீர் காணாத மேட்டில் மஞ்சளாகப் பூத்து நிற்கும். அப்படிப்பட்ட செடியின் விதையை, ஒரு பை நிறைய, முளைக்கவிடாமல் செய்தவள் நான்.

போன மாதம் நான் நம் நர்சரிக்கு வந்திருந்தபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒரு பெண், “மேடம், உங்க சர்வீஸ்ல நடந்தது ஏதாவது எழுதிக் குடுங்க, எங்களுக்கு உபயோகமா இருக்கும்” என்று கேட்டாள். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் உட்கார்ந்து யோசித்தபோது நல்ல விஷயங்கள் பல நினைவுக்கு வந்தன. எழுத உட்கார்ந்தால் கை அதையெல்லாம் விட்டுவிட்டு இதற்கே வருகிறது. மண் கலவையும் நிழல்வலையும் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இது அங்கே வராது.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருஷம் முன்னால் நடந்தது. அச்சன்புதூர்ப் பக்கம் ஒரு குளம். அதன் கரை மண் ஒவ்வொரு மழைக்கும் கரைந்து வயலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கரையில் கருங்கல் பதிக்க வழியில்லை. செடி வைத்துப் பிடிக்கலாம் என்று முடிவானது. எந்தச் செடி என்று என்னைக் கேட்டார்கள். ஆவாரை என்றேன். ஆடு மாடு அவ்வளவாக வாய் வைக்காது, வேர் ஆழமாக இறங்கும், யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன்னால் நாலாயிரம் கன்று தயாராக இருக்க வேண்டும். பொறுப்பு என்னுடையது.

விதை எடுத்துக் கொடுத்தவர் செல்லத்தாயக்கா. வடகரைக்காரர். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். முன்பு நெல் வயலில் நாற்று நடப் போய்க்கொண்டிருந்தவர், எங்கள் நர்சரியில் தினக்கூலியாகச் சேர்ந்து அப்போது பதினோரு வருஷம் ஆகியிருந்தது. நான்கைந்து பெண்கள் வேலை பார்த்த இடத்தில் விதை என்றால் அவர்தான். பங்குனி வெயிலில் மேடு மேடாக நடந்து, காய்ந்து பழுப்பேறிய நெற்றாகப் பார்த்துப் பறிப்பார். காதருகே ஆட்டிப் பார்ப்பார். உடைத்து, வண்டு துளைத்ததைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, தண்ணீரில் கொட்டி மிதப்பதைக் கழித்துவிட்டு, மிச்சத்தைக் காயவைத்துக் கொண்டுவருவார். அந்த வருஷம் ஒரு மஞ்சப்பை நிறையக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். கையை உள்ளே விட்டால் அத்தனையும் ஒரே அளவாக, ஒரே நிறமாக இருந்தது.

ஆவாரை விதையின் தோல் கல் மாதிரி. அப்படியே ஊன்றினால் எப்போது முளைக்கும் என்று சொல்ல முடியாது. தோலைக் கொஞ்சம் பழுதாக்கித்தான் போட வேண்டும். செல்லத்தாயக்கா மணலைச் சேர்த்துச் செங்கல்லால் தேய்ப்பார். நான் அந்த வருஷம் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தேன். வெந்நீர் முறை என்று ஒன்றைச் சொல்லியிருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கியதும் விதையைப் போட்டு அப்படியே ஆறவிட வேண்டும். வேலை சுருக்கமாக முடியும்.

“தேச்சுப் போட்டா போதும்மா. நாலு பேரு உக்காந்தா ஒரு நாள்ல முடிஞ்சிரும்” என்றார் செல்லத்தாயக்கா.

“இது அதவிட நல்ல முறைக்கா. நான் படிச்சிட்டு வந்திருக்கேன்” என்றேன்.

“சரிம்மா” என்று நாற்றுப் பைகளில் மண் நிரப்பப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் கொட்டகைக்குப் பின்னால் அண்டாவில் தண்ணீர் கொதித்தது. நான் தனியாகத்தான் நின்றேன். இறக்கிவிட்டுப் போட வேண்டிய விதையை, இறக்க ஆள் கூப்பிடச் சோம்பல்பட்டு, முதலில் போட்டுவிட்டுப் பிறகு இறக்கிக்கொள்ளலாம் என்று கொட்டினேன். கொட்டிய கையோடு போன் அடித்தது. மேலதிகாரி. குளத்துக்கரை வேலை பற்றிய விவரம் உடனே வேண்டும் என்றார். அலுவலக அறைக்குப் போய்க் கோப்பை எடுத்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். பேசி முடிக்க அரை மணி நேரம் ஆகியிருக்கும். அதற்குள் அடுப்பு நினைவு ஒரு தடவைகூட வரவில்லை.

திரும்பி வந்தபோது விதை கொதியில் மேலும் கீழும் சுழன்றுகொண்டிருந்தது. ஓடிப்போய் விறகை இழுத்துப் போட்டு, சாக்கைப் பிடித்து அண்டாவை இறக்கினேன். சுற்றிலும் பார்த்தேன். யாரும் இல்லை. யாரும் இல்லை என்பதில் அப்போது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

மறுநாள் காலை விதை நன்றாகப் பருத்திருந்தது. ஊறியதால் பருத்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெண்கள் பைக்கு இரண்டு விதையாக ஊன்ற ஆரம்பித்தார்கள். செல்லத்தாயக்கா ஒரு விதையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினார். அது நசுங்கியது.

“என்னம்மா, வெந்த மாதிரில்லா இருக்கு” என்றார்.

“ஊறுனா அப்படித்தான் இருக்கும்க்கா. போடுங்க.”

அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். வரிசையாக அடுக்கிய பைகளைப் படமெடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். ‘ஆவாரை விதைப்பு முடிந்தது’ என்று எழுதினேன். அதிகாரி கட்டைவிரல் போட்டார். வேறு ஊர்களில் வேலை பார்த்தவர்களும் வரிசையாகப் போட்டார்கள்.

ஆவாரை வருவதாக இருந்தால் ஒரு வாரத்தில் தலை காட்டத் தொடங்கிவிடும். குற்றாலத்தில் சீசன் தொடங்கி, எங்களுக்கும் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்துப் பாத்தியில் புங்கமும் வேம்பும் தளதளவென்று நின்றன. ஆவாரை வரிசையில் ஒன்றும் இல்லை. பன்னிரண்டாம் நாள், பெண்கள் சாப்பிடப் போன நேரத்தில், ஒரு பையைக் கிழித்துப் பார்த்தேன். விதை கூழாக இருந்தது. இன்னொன்றைக் கிழித்தேன். அதுவும் அப்படியே. ஆறு பை கிழித்தேன். கிழித்த பைகளை உரக்குழியில் போட்டு மேலே சருகைத் தள்ளினேன். ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. எனக்குத் தெரியும்.

இரண்டு நாள் கழித்து அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். கெட்ட மனிதர் இல்லை. வெளியூர்க்காரர், அவசரக்காரர், குளத்துக்கரை விஷயத்தில் அவருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டியிருந்தது. வரிசைக்கு முன்னால் நின்று பார்த்தார்.

“என்ன இது, ஒண்ணுமே வரல?”

“சாரல் கூடிப்போச்சு சார். ஆவாரைக்கு ஈரம் ஆகாது. அழுகிருச்சு.” இந்தப் பதிலை நான் முதல் நாளே தயார் செய்து வைத்திருந்தேன்.

“பக்கத்துல இருக்கறதெல்லாம் நல்லாத்தான வந்திருக்கு? தண்ணி வடியற மாதிரிதான மண்ணு கலந்திருக்கீங்க?”

அதற்குப் பதில் தயார் செய்யவில்லை. மண் கலவை என்னுடையது. அது சரியில்லை என்று சொன்னால் என் பக்கம் திரும்பும். இரண்டு நொடி இருக்கும். அந்த இரண்டு நொடியில் ‘கவனக்குறைவு சார், கொதிக்கிற தண்ணியில விட்டுட்டேன்’ என்று சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பார். அதிகம் போனால் ஒரு மெமோ கொடுத்திருப்பார். இருபத்தைந்து வருஷ சர்வீஸில் ஒரு மெமோ.

“விதை சரியில்ல சார். பழைய விதையா இருக்கும்” என்றேன்.

“யார் எடுத்தது?”

நான் வாயால்கூடச் சொல்லவில்லை. கையை நீட்டிக் காட்டினேன். செல்லத்தாயக்கா பத்தடி தூரத்தில் தண்ணீர் விடும் ஓஸைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

“ஏம்மா, எங்க எடுத்த விதை இது?”

“அச்சன்புதூர் மேட்டுல சார்.”

“இந்த வருஷத்து விதையா?”

“ஆமா சார். நெத்து காஞ்சப்புறம் எடுத்தேன்.”

“அப்ப ஏன் முளைக்கல?”

அவர் அதிகாரியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் நமக்குத் தெரிந்தவர் வருகிறாரா என்று பார்ப்போமே, அப்படிக் காத்துக்கொண்டு பார்த்தார். நான் குனிந்து ஒரு பையைச் சரிசெய்தேன்.

“தெரியல சார்” என்றார் செல்லத்தாயக்கா.

ஜீப்பில் ஏறும்போது அதிகாரி, “அந்தம்மாவ இனிமே கூப்பிட வேண்டாம். பொறுப்பான ஆளா வச்சுக்கோங்க” என்று சொன்னார். நான் தலையாட்டினேன்.

அதைச் செல்லத்தாயக்காவிடம் சொல்லும் வேலையும் எனக்கே வந்தது. “கொஞ்ச நாள் வராதீங்கக்கா. சார் கோபமா இருக்காரு. பொறவு பாத்துக்கிடலாம்” என்றேன். ஏதோ நான் அவர் பக்கம் நிற்பவள் போல. அவர் குழாயடியில் கை கழுவினார். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டார். வாசல் வரை போய் நின்று, “கிணத்தடிப் பாத்திக்கு இன்னும் தண்ணி விடல மேடம். சாயங்காலம் விடச் சொல்லுங்க” என்றார். பதினோரு வருஷத்தில் வெளியாள் யாரும் இல்லாதபோது அவர் என்னை மேடம் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

விதைக்கு அலைந்தேன். ஆனி முடியப்போகிறது. மேட்டில் கிடந்த நெற்றெல்லாம் உதிர்ந்து போயிருந்தது. குற்றாலத்தில் நாட்டுமருந்துக் கடை கடையாக ஏறினேன். அருவிக்கு வந்த கூட்டம் ஈரத்துணியோடு ஆவாரம்பூப் பொடி வாங்கிக்கொண்டிருந்தது. பூ எவ்வளவு வேண்டுமானாலும் கிடைத்தது. விதை ஒரே கடையில் கிடைத்தது, அதில் பாதி வண்டு துளைத்தது. போட்டுப் பார்த்தேன். ஒரு சட்டி அளவுகூட முளைக்கவில்லை.

செல்லத்தாயக்கா எப்போதும் வீட்டில் கொஞ்சம் விதை வைத்திருப்பார் என்பது எனக்குத் தெரியும். போகக் கூடாது என்று நான்கு நாள் இருந்தேன். ஐந்தாம் நாள் வடகரைக்குப் பஸ் ஏறினேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. விதைக்காகப் போனேன்.

வீட்டில் அவருடைய மகள் மட்டும் இருந்தாள். கல்லூரிக்குப் போகிறவள். “அம்மா இல்லையே. பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கு வேலைக்குப் போயிருக்காங்க. விடியக்காலமே போயிருதாங்க” என்றாள். எப்படிக் கேட்பது என்று நான் நின்றுகொண்டிருக்கும்போதே உள்ளே போய் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து நீட்டினாள்.

“இதத்தான கேக்க வந்தீங்க? நீங்க வந்தா குடுக்கச் சொன்னாங்க. தேச்சுப் போடச் சொன்னாங்க.”

அந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரியும் என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை. நம் பக்கத்தில் எதிரி வந்தால்கூட அதைக் கேட்பார்கள். நான் பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மணலும் செங்கல்லும் வைத்துத் தேய்த்துப் போட்டோம். ஏழாம் நாள் காலையில் வரிசை முழுக்கத் தலை நிமிர்ந்திருந்தது. ஆவணியில் அதிகாரி மறுபடி வந்தார். சாண் உயரத்துக்கு வளர்ந்து நின்ற கன்றுகளைப் பார்த்துச் சிரித்தார்.

“பாத்தீங்களா, நல்ல விதைன்னா எப்படி வருதுன்னு.”

“ஆமா சார்” என்றேன்.

நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இந்த இடத்தைத்தான். விதை மேல் பழி போட்ட முதல் பொய் பயத்தில் வந்தது. கேள்வி திடீரென்று வந்தது, தடுமாறினேன் என்று யாரிடமாவது சொல்லிக்கொள்ளலாம். இரண்டாம் தடவை எந்த நெருக்கடியும் இல்லை. அவர் சந்தோஷமாக இருந்தார். கன்றுகள் நின்றன. ‘சார், இதுவும் அந்தம்மா எடுத்த அதே விதைதான்’ என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் அமையாது. அப்போதும் ஆமா என்றேன். பயப்பட ஒன்றும் இல்லாதபோது சொன்ன பொய் அது. அன்றைக்கு நான் யார் என்று எனக்குத் தெரிந்துபோய்விட்டது போல இருந்தது.

அதற்குப் பிறகும் உடனே எழுந்து ஓடவில்லை. ஒரு மாதம் போக்கினேன். புரட்டாசியில் ஒருநாள் காலை ஏழு மணிக்குப் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் போய் இறங்கினேன். டெம்போக்கள் பின்னோக்கி வந்துகொண்டிருந்தன. மூட்டைக்காரர்கள் வழி கேட்டு என்னை இடித்துக்கொண்டு போனார்கள். ஒரு கமிஷன் கடைக்குள் செல்லத்தாயக்கா கத்தரிக்காய்க் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து சொத்தையைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“வாங்க மேடம்” என்றார். கை நிற்கவில்லை.

“அக்கா, நர்சரிக்கு வாங்க. நான் சார்ட்ட பேசுதேன்.”

“என்னன்னு பேசுவீங்க?”

நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றுதான்: ‘ரொம்ப நாள் வேலை பார்த்தவங்க, இந்த ஒரு தடவை விட்டுருங்க சார்.’ அதை அங்கே சொல்ல வாய் வரவில்லை. ஆனால் அவருக்குப் புரிந்துவிட்டது.

“மன்னிச்சுக் கூப்பிடுததுக்கு நான் என்ன தப்பு செஞ்சேன்?” என்றார். சத்தம் போடவில்லை. சுற்றி நின்றவர்களுக்குக் கேட்காத குரலில்தான் சொன்னார்.

“நீங்க அன்னைக்கே சொல்லிருக்கலாம்லாக்கா. விதை வெந்துபோச்சுன்னு உங்களுக்குத் தெரியும்லா.”

இதைக் கேட்டது நான். பழியை அவர் மேலேயே மறுபடியும் போட்டேன். அவர் கையிலிருந்த கத்தரிக்காயைக் கீழே வைத்தார்.

“நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்” என்றார். “உங்க முகத்தப் பாத்துக்கிட்டேதான நின்னேன். நாம சொல்லிட்டா, நீங்க சொல்ல வந்தத நாம கெடுத்த மாதிரி ஆயிருமேன்னு நின்னேன்.”

கடைக்கார அண்ணாச்சி உள்ளேயிருந்து அவரைக் கூப்பிட்டார். “வருதேன் அண்ணாச்சி” என்று எழுந்து போய்விட்டார். நான் கத்தரிக்காய்க் குவியலுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தேன்.

அங்கிருந்து நேராக அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. கொதிக்கிற அண்டா, போன், கிழித்த பைகள், வடகரையில் வாங்கிவந்த விதை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். முடிந்ததும், “செடிதான் வந்துட்டுதே மேடம். இத இப்ப எதுக்குச் சொல்றீங்க?” என்றார்.

“அந்தம்மாவ நிறுத்திட்டோம் சார்.”

“எந்தம்மா?”

“செல்லத்தாய் சார். விதை எடுத்தவங்க.”

அவர் யோசித்தார். நடிக்கவில்லை, நிஜமாகவே யோசித்தார். நினைவு வரவில்லை. “சரி, வேணும்னா கூப்பிட்டுக்கோங்க” என்று அடுத்த கோப்பை எடுத்தார். உள்ளே வருமுன் வாசலில் உட்கார்ந்து எழுதிய கடிதத்தை மேசையில் வைத்தேன். அதை அவர் என்ன செய்தார் என்று தெரியாது. மெமோ எதுவும் வரவில்லை.

மறுநாள் காலை நர்சரியில் மற்ற பெண்களை நிறுத்திவைத்துச் சொன்னேன். விதையை வேகவைத்தது நான், அக்கா மேல் தப்பு இல்லை என்று. அழுதுவிடுவேனோ என்று பயந்து சுருக்கமாகச் சொன்னேன். ஒருத்தி, மண்வெட்டியை எடுத்துக்கொண்டே, “தெரியும்மா. உரக்குழி அள்ளுனதே நாங்கதான” என்றாள். அத்தனை மாதமும் அவர்கள் என்னிடம் கூலிவேலை பார்த்துக்கொண்டு, வணக்கம் சொல்லிக்கொண்டு, அதைத் தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்கள். மறைந்திருப்பதாக நம்பிக்கொண்டிருந்தது நான் ஒருத்தி மட்டும்தான்.

நீங்கள் கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்துவிட்டால் உங்கள் கைத்தவற்றுக்குக் கீழே எப்போதும் ஒருவர் நிற்பார். தள்ளிவிட்டால் அவர் மேல்தான் விழும், சத்தம்கூடக் கேட்காது. கேள்வி வரும்போது யோசித்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அந்த இரண்டு நொடியில் நல்ல புத்தி வருவதில்லை. தவறு நடந்த அன்றைக்கே, யாரும் கேட்காதபோதே, பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லிவிடுங்கள். நான் அன்று மத்தியானம் அண்டாவை இறக்கிவைத்துவிட்டு, பை நிரப்பிக்கொண்டிருந்தவரிடம் நாற்பதடி நடந்து போய்ச் சொல்லியிருந்தால் போதும். அவர் ஒரு விதையை நசுக்கிப் பார்த்துவிட்டு, வீட்டில் இருக்கிற விதையைக் கொண்டுவந்திருப்பார்.

ஐப்பசியில் கன்றுகள் குளத்துக்கரைக்குப் போயின. பிடித்துக்கொண்டன. செல்லத்தாயக்கா நர்சரிக்குத் திரும்பி வரவில்லை. அவரைப் போய்ப் பார்த்து, அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று தெரிவிக்க மறுபடியும் ஒரு தடவை பாவூர்சத்திரம் போனேன். அன்று தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, கையிலிருந்த தக்காளியைத் துடைத்துத் தனியே வைத்தார்.

“சார் என்ன சொன்னாரு?” என்று கேட்டார்.

உங்களை அவருக்கு நினைவே இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

“ரொம்ப வருத்தப்பட்டாரு அக்கா” என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. “இருக்கட்டும்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த கூடையை இழுத்துக்கொண்டார். அது பொய் என்று இத்தனை வருஷத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்குத்தான் இப்போது எழுதுகிறேன்.